பட்டறையில் பட்ட அடிக்கு யார் பொறுப்பு?

மோட்டார் வண்டியின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையென்று பட்டறையில் விட்டுவிட்டு வருகிறோம். திரும்பப் பெறப் போகும்போது பிரேக் சீராயிருக்கிறது; ஆனால் கதவிலே முழ நீளத்துக்குக் கீறல்! “முன்னாலேயே இருந்தது, ஸார்” என்கிறான் பையன். முதலாளியோ சுவரைக் காட்டுகிறார். ‘வண்டிகள் சொந்தக்காரர் பொறுப்பிலேயே விடப்படும்’ என்று அங்கே ஒரு பலகை. நன்கு படித்தவர்களுங்கூட அதைப் பார்த்ததும் வாய் மூடிப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவது விந்தைதான். பலகையில் எழுதியதெல்லாம் சட்டமாகிவிடுமா?

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. இந்நாட்டில் மோட்டாரே ஓடாத காலத்துச் சட்டம் அது. ஆயினும், ஒரு காரியத்துக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்புவித்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாட்டை அது தெளிவாக வகுத்திருக்கிறது. வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுப்பதும் வண்டியைப் பட்டறையில் விடுவதும் இந்த வகையில் ஒன்றே. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பாரோ, அவ்வளவு ஜாக்கிரதையைப் பெற்றுக்கொண்டவர் காட்டவேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. அவ்வாறு காட்டியும் நஷ்டம் நேர்ந்தால், வேறு விசேஷ ஒப்பந்தம் இல்லாதவரையில், அவர்மேல் பொறுப்பில்லை. இடி விழுந்ததற்குப் பட்டறைக்காரரைப் பிடிப்பது நியாயமாகாதல்லவா?

ஜாக்கிரதையாக இருந்தாரா என்பதை யார் ருசுப்படுத்துவது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நாம் வீட்டில் இருந்தோம். வண்டி அவர் கொட்டகையில் இருந்தது. நடந்ததை அறிந்தவர் அவரே. ஆகையால் சுமையும் அவருடையதே. 1998-இல் டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலின் சிப்பந்தியிடம் சாவியுடன் ஒப்புவித்த கார் களவு போயிற்று. கொடுத்த சீட்டில் ‘சொந்தக்காரர் பொறுப்பு’ என்றே அச்சிட்டிருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. தன் சிப்பந்திகளின் அஜாக்கிரதைக்கு அத்தகைய வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்ப முடியாதென்றும், நேர்ந்ததை விளக்கும் கடமை அதனுடையதே என்றும் 2019-இல் தீர்ப்பாயிற்று. பொருளை ஒப்புவிப்பது பற்றிய இதே விதிதான் பட்டறைக்கும். பையன் செய்த பிழைக்கு முதலாளியே பதில் சொல்லவேண்டும்.

கோபத்தில் கூலியைத் தரமறுப்பது மட்டும் உசிதமன்று. செய்த வேலைக்குக் கூலி வரும்வரையில் வண்டியை நிறுத்திவைக்க 170-ஆவது பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்பதே நலம்.

பிறகு முறையிட இடம் உண்டு. சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்ட் 1986-இல் இயற்றி, 2019-இல் புதிதாக வகுத்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஜில்லா ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யலாம். வக்கீல் அவசியமில்லை. பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் மனுவுக்குச் சாட்சி வேண்டுமே! வண்டியை விடும்போதே பழைய கீறல்களைச் சீட்டில் குறித்துக் கையொப்பம் வாங்குங்கள். நாற்புறமும் படம் எடுங்கள். ஓடிய தூரத்தையும் குறிக்க மறவாதீர்கள். பிரேக்குக்காக விட்ட வண்டி இடையே யாருடைய கல்யாணத்துக்குப் போய் வந்தது என்பதை அந்த எண் சொல்லிவிடும்.