பரப்பளவுக் கணக்குகளில் தரவுப் போதுமை: செவ்வகமும் முக்கோணமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு வடிவத்தின் பரப்பளவைக் கணக்கிடுமுன், தரப்பட்ட அளவுகள் அதற்குப் போதுமானவையா என முடிவு செய்வதே தரவுப் போதுமை வினாக்களின் நோக்கமாகும். செவ்வகம், முக்கோணம் ஆகியவற்றில் இம்முடிவை எட்டும் முறையையும் நில அளவையில் அதன் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தரவுப் போதுமை, பரப்பளவு, மூலைவிட்டம், லீலாவதி, புலப்படம்

முன்னுரை

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசிப் பகுதி வயல்களுக்கு நீர் தருகிறது. வாய்க்காலின் வளைவையும் நிலச் சரிவையும் ஒட்டி வரப்புகள் அமையும் இடங்களில் வயல்கள் செவ்வகமாக இருப்பதில்லை. அத்தகைய வயலின் நான்கு வரப்புகளின் நீளம் மட்டும் தெரிந்தால் பரப்பளவைக் கூற இயலுமா? வங்கிப் பணித் தேர்வுகளில் இடம்பெறும் தரவுப் போதுமை வினாக்களும் இவ்வகையினவே. ஒரு வினாவுடன் தரப்படும் இரு கூற்றுகள், தனித்தோ இணைந்தோ, ஒரே விடையைத் தருமா என்பதை அவை கேட்கின்றன.

இதற்கான சோதனை எளியது. தரப்பட்ட அளவுகளை மாற்றாமல், வேறு பரப்பளவுள்ள இன்னொரு வடிவத்தை வரைய முடிந்தால் தரவு போதாது.

செவ்வகம்

கூற்று 1: சுற்றளவு 28 மீட்டர். கூற்று 2: மூலைவிட்டம் 10 மீட்டர்.

முதற்கூற்றின்படி பக்கங்கள் 8, 6 எனில் பரப்பளவு 48 சதுர மீட்டர். 10, 4 எனில் 40. இரண்டாம் கூற்றின்படி பக்கங்கள் 8, 6 எனில் 48; வடிவம் சதுரமாயின் 50. எனவே தனித்து எதுவும் போதாது. இரண்டையும் இணைத்தால் பக்கங்களின் கூடுதல் 14. அதன் வர்க்கம் 196. இதிலிருந்து மூலைவிட்டத்தின் வர்க்கமான 100ஐக் கழித்தால் எஞ்சும் 96, பரப்பளவின் இருமடங்காகும். பரப்பளவு 48 என்பது உறுதி. நீள அகலங்களைத் தனித்தனியே காணத் தேவையில்லை.

முக்கோணம்

இரு பக்கங்கள் 10, 12 என்பது மட்டும் போதாது. இடைக்கோணம் 90 பாகை எனில் பரப்பளவு 60. 30 பாகை எனில் 30. இடைக்கோணமோ மூன்றாம் பக்கமோ தெரிந்தால் விடை ஒன்றே. மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்தால் வடிவம் புலப்படும், அளவு புலப்படாது.

குறைவாகத் தோன்றும் தரவு போதுமானதாக அமைவதும் உண்டு. செவ்வகத்தின் ஒரு பக்கத்தை அடியாகவும், எதிர்ப்பக்கத்தில் உள்ள ஒரு புள்ளியை உச்சியாகவும் கொண்ட முக்கோணம் அச்செவ்வகத்தில் சரிபாதி. உச்சி எங்குள்ளது என்பது தேவையற்ற தகவல்.

நான்கு வரப்புகள்

எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் முறை தோராயமானதே என்பதை 628இல் பிரம்மகுப்தர் வேறுபடுத்திக் காட்டினார். 1150இல் பாஸ்கராச்சாரியார் லீலாவதியில், மூலைவிட்டமோ செங்குத்தோ குறிப்பிடாமல் நாற்கரத்தின் பரப்பளவைக் கேட்பவரையும், அதற்கு விடை சொல்பவரையும் கடிந்துரைத்தார். நான்கு பக்கங்களும் 25 ஆன வடிவம் அவரது எடுத்துக்காட்டு. சதுரமாயின் பரப்பளவு 625. மூலைவிட்டங்கள் 30, 40 எனில் 600. 14, 48 எனில் 336.

இவ்வளவைக் கோலாகக் கொண்டால் பரப்பளவு குழியில் அமையும். சராசரி முறை மூன்று வயல்களுக்கும் 625 குழி என்றே காட்டும். கடைசி வயலை வாங்குபவர், இல்லாத 289 குழிக்கு விலை தருவார்.

முடிவுரை

தமிழ்நாட்டுப் புலப்படங்களில் எல்லை நீளங்களோடு, புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் கோடுகளின் நீளங்களும் எல்லைத் திருப்பங்களுக்கான செங்குத்து அளவுகளும் குறிக்கப்படுவதன் காரணம் இதுவே. முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் தெரிந்தபின் அதன் வடிவம் மாற இயலாது. ஆகவே தரவுப் போதுமையைக் கற்பிக்கும் ஆசிரியர், சூத்திரத்திற்கு முன் இச்சோதனையைப் பழக்குதல் நன்று. மாணவர் தம் ஊர் வயலின் புலப்படத்தைக் கொண்டே அதனைச் செய்து பார்க்கலாம்.