எண்ணெய்க்கு ஒரு திட்டிவாசல்

மோட்டோகிராஸ் பைக்கின் சஸ்பென்ஷன் "கெட்டியாக இருக்கிறது" என்ற புகாருக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான காரணங்கள் இருக்கலாம். ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைத்திருந்தாலும் மணிக்கட்டு வலிக்கும். தேவைக்குக் கீழே தளர்ந்திருந்தாலும் அதே மணிக்கட்டு அதே அளவு வலிக்கும். ஸ்பிரிங் சரியாக இருந்து, ஃபோர்க்கின் உள்ளே எண்ணெய் கடந்துபோக வழி போதாவிட்டாலும் ஓட்டுபவர் சொல்லப்போவது அதே வார்த்தைதான். ஆகவே புகாரைக் கேட்டவுடன் ஸ்பிரிங்கை மாற்றுவது, காய்ச்சல் என்றதும் காரணம் பாராமல் மாத்திரை கொடுப்பதைப் போன்றது.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியையும் திருமழிசையையும் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது குத்தம்பாக்கம். செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கத்து ஊர். சஸ்பென்ஷனைச் சோதிக்கும் தரைக்கு அந்த ஊர் மண் ஓர் எடுத்துக்காட்டு. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய களிமண்ணில் பதியும் டிராக்டர் தடங்களும் மாட்டுக் குளம்படிகளும் தை, மாசியில் காய்ந்து, பங்குனி வெயிலில் சுட்ட செங்கல்போல இறுகிவிடும். அந்த விளிம்புகள் கூர்மையானவை. மணல்மேடுபோல் மெல்ல ஏறி இறங்கும் பள்ளங்களைச் சுமாரான சஸ்பென்ஷனும் சமாளித்துவிடும். குறைபாடு வெளிப்படுவது கூர்விளிம்பில்தான்.

ஏன் கூர்விளிம்பில் என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. மோட்டோகிராஸ் பைக்கின் முன்சக்கரம் டயரோடு சேர்த்துச் சுமார் 34 செ.மீ. ஆரம் கொண்டது. அது 10 செ.மீ. உயரமுள்ள ஒரு விளிம்பில் மோதி மேலே ஏறி முடிப்பதற்குள் பைக் ஏறத்தாழ 24 செ.மீ. முன்னே நகர்ந்திருக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் 17 பங்கு. அவ்வளவு நேரத்தில் சக்கரம் 10 செ.மீ. மேலே வந்தாக வேண்டும். அதாவது, டயரின் நசுங்கலைக் கணக்கில் எடுக்காவிட்டால், வினாடிக்கு 5.8 மீட்டர் வேகத்தில். அதே ஃபோர்க் பிரேக் பிடிக்கும்போதும் 10 செ.மீ. அமுங்குகிறது. ஆனால் அதற்கு அரை வினாடி எடுத்துக்கொள்கிறது. அதன் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டர் மட்டுமே. இரண்டு வேகங்களுக்கும் இடையே 29 மடங்கு வித்தியாசம். சஸ்பென்ஷன் வேலை செய்பவர்கள் "லோ ஸ்பீட்", "ஹை ஸ்பீட்" என்று பிரித்துச் சொல்வது இந்த அமுங்கும் வேகத்தைத்தான். ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தை அல்ல.

எண்ணெயை ஒரு துளை வழியாகத் தள்ளினால் எழும் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 29 மடங்கு வேகம் என்றால் 841 மடங்கு எதிர்ப்பு. பிரேக் பிடிக்கும்போது 5 கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பைத் தரும் துளை, கூர்விளிம்பில் 4 டன்னுக்கு மேல் எதிர்த்து நிற்க வேண்டும். அவ்வளவு விசையைச் சக்கரத்தால் தர முடியாது. ஆகவே ஃபோர்க் அமுங்காமல் இரும்புத் தடியாக நிற்கும். அடி நேரே கைக்கு வரும். நகரச் சாலைக்கான விலை குறைந்த பைக்குகள் பெரும்பாலானவற்றின் முன் ஃபோர்க்கில், துளையிட்ட ஒரு குழாயைத் தவிர எண்ணெயைக் கட்டுப்படுத்த அதிகமாக எதுவும் இல்லை. வேகத்தடையை மெதுவாகக் கடந்தால் தெரியாத அடி, வேகமாகக் கடந்தால் தோள்வரை ஏறுவது அதனால்தான்.

மோட்டோகிராஸ் ஃபோர்க் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் அழகானது. எண்ணெயினுள் நகரும் பிஸ்டனில் பெரிய வழிகள் குடையப்பட்டிருக்கும். அவற்றின் மேல் ஷிம் எனப்படும் மெல்லிய எஃகு வட்டுகள் அடுக்கடுக்காக மூடியிருக்கும். வட்டுகளின் நடுப்பகுதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். விளிம்பு மட்டும் வளையும். இதற்குத் துணையாக, ஓர் ஊசியால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடிய ஒரு சிறு துளையும் உண்டு. கிளிக்கர் எனப்படும் வெளித்திருகைத் திருப்பும்போது நகர்வது அந்த ஊசிதான்.

கோயிலின் பெரிய கதவில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு அமைந்த திட்டிவாசலைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். சாதாரண நாளில் பத்துப் பேர் வந்தால் திட்டிவாசல் போதும். ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுவார்கள். ஆடி வெள்ளியில் திருவேற்காட்டுக் கோயிலில் கூடுவதைப் போன்ற கூட்டம் ஒரே நொடியில் வந்து மோதினால் பெரிய கதவே திறந்தாக வேண்டும். ஷிம் அடுக்கு அந்தப் பெரிய கதவு. ஆனால் இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பின்னால் காவலாளிகள் தோள்கொடுத்து நிற்கிறார்கள். கூட்டம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு அவர்கள் பின்வாங்குவார்கள். தள்ளல் குறைந்ததும் கதவைப் பழையபடி சாத்துவார்கள். கதவை ஒட்டிப் பெரிய வட்டு, அதன் பின்னே சற்றுச் சிறியது, அதற்கும் பின்னே இன்னும் சிறியது எனக் கோபுரம்போல் அடுக்கியிருப்பதால், முதல் காவலாளி எளிதில் இடம் தருவார், கடைசிக் காவலாளி எளிதில் நகர மாட்டார். காவலாளிகள் தேவைக்கு மேல் பலசாலிகளாக இருந்தால் கூட்டம் வாசலிலேயே முட்டும். அந்த முட்டல்தான் ஓட்டுபவரின் உள்ளங்கையில் தெரியும் அடி. திட்டிவாசலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் திருவிழாக் கூட்டத்துக்கு அது போதாது. கிளிக்கரை முழுக்கத் திறந்த பிறகும் கூர்விளிம்பு அடி குறையவில்லை என்று சொல்பவர்களின் அனுபவத்துக்கு இதுவே காரணம்.

காவலாளியின் பலத்தைத் தீர்மானிப்பது வட்டின் தடிமன். விறைப்பு தடிமனின் கனத்துக்கு ஏற்ப உயர்கிறது. 0.10 மி.மீ. வட்டைவிட 0.15 மி.மீ. வட்டு ஒன்றரை மடங்குதான் தடித்தது, ஆனால் 3.4 மடங்கு விறைப்பானது. 0.20 மி.மீ. என்றால் 8 மடங்கு. தலைமுடி அளவேயான தடிமனில் பைக்கின் குணமே மாறுகிறது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். சென்னையின் மோட்டார் பந்தயம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வளர்ந்து, பிறகு குத்தம்பாக்கத்துக்கு மேற்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு இடம்பெயர்ந்தது. இரண்டும் சமதளத் தடங்கள். மண்தடச் சஸ்பென்ஷன் வளர்ந்தது ஐரோப்பாவில். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷாக் ஏற்பாட்டை யமஹா வாங்கியது. அதைப் பொருத்திய பைக்கில் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 1973-இல் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். அடுத்த பத்தாண்டுக்குள் பின்சக்கரத்தின் இயக்க நீளம் 100 மி.மீ. அளவிலிருந்து 300 மி.மீ. வரை உயர்ந்தது. இன்றும் அது ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது.

கெட்டித்தன்மையைச் சரிசெய்யும் வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. ஃபோர்க்கின் பளபளப்பான உள்குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, தூசி சீலுக்கு அருகே தள்ளி வைத்துவிட்டு, வழக்கமான தடத்தில் சில சுற்று ஓட்ட வேண்டும். டை கீழே இறங்கி நிற்கும் இடமே ஃபோர்க் அமுங்கிய அதிகபட்ச தூரம். கை வலித்தும் 8, 10 செ.மீ. பயன்படாமல் மிச்சமிருந்தால், எண்ணெய்க்கு வழி போதவில்லை அல்லது எங்கோ உராய்வு இருக்கிறது. டை அடிவரை போயிருந்தால் ஸ்பிரிங் தளர்வானது, அல்லது எண்ணெய் குறைவு.

இரண்டாவது, உராய்வு. இங்கே செலவு குறைவு, பலன் அதிகம். முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ஆக்ஸிலை இறுக்கிப் பிடிக்கும் சிறு போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கிய பிறகே அவற்றை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு ஃபோர்க் கால்களும் இணையாக நிற்காமல் ஒன்றையொன்று இறுக்கும். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்புகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு மேல் முறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே புஷ் சிக்கும். பின்பக்கம் ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் லிங்கேஜின் பேரிங்குகள் சேற்றாலும் வாட்டர் சர்வீஸின் வேகத் தண்ணீராலும் கிரீஸ் இழந்து துருப்பிடிக்கும். ஷாக்கைக் கழற்றிவிட்டு ஸ்விங் ஆர்மைக் கையால் தூக்கி இறக்கினால் உண்மை தெரிந்துவிடும். நெடுஞ்சாலைக்குரிய 28 பி.எஸ்.ஐ. காற்றோடு மண்ணில் இறங்குவதும் கெட்டித்தன்மைதான். மோட்டோகிராஸ் டயருக்கு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும்.

ஃபோர்க்கினுள் தேங்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்காகவே வேலை செய்கிறது. வெயிலிலும் ஓட்டத்திலும் அதன் அழுத்தம் கூடும். சமவெளியில் மூடிய ஃபோர்க்கோடு 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்குப் போனால், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருப்பதால் உள்ளே இருக்கும் காற்று இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும். ஓட்டத்துக்கு முன் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க் தலையில் உள்ள காற்றுத் திருகை ஒருமுறை திறந்து மூடினால் போதும்.

மூன்றாவது, ஸ்பிரிங். 300 மி.மீ. இயக்கம் உள்ள பின்சஸ்பென்ஷன், ஹெல்மெட், பூட்ஸ் முதலான உடுப்போடு ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் 100 முதல் 105 மி.மீ. வரை அமுங்க வேண்டும். ஆள் இல்லாமல் பைக்கின் எடைக்கு மட்டும் 30 முதல் 40 மி.மீ. வரை. தளர்ந்த ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி முதல் அளவை எட்டிவிடலாம். அப்போது இரண்டாவது அளவு 30-க்கும் கீழே போய்க் காட்டிக்கொடுத்துவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கில் பைக் எப்போதும் தாழ்ந்தே ஓடும். லிங்கேஜும் ஃபோர்க் காற்றும் இயக்கத்தின் கடைப்பகுதியில் வேகமாக விறைப்பவை. பைக் அந்தப் பகுதியிலேயே வாழ்வதால் தளர்ந்த ஸ்பிரிங் கெட்டியாகத் தோன்றுகிறது. இந்திய ஓட்டுநர்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. இறக்குமதியாகும் பைக்குகளின் ஸ்பிரிங் பெரும்பாலும் 70, 80 கிலோ எடையுள்ளவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 55 கிலோ இளைஞருக்கு அது உண்மையாகவே விறைப்பு. அங்கே ஸ்பிரிங்கை மாற்றுவதே சரியான மருத்துவம்.

நான்காவது, ரீபவுண்ட் எனப்படும் திரும்பும் வேகம். அமுங்கிய ஃபோர்க் அடுத்த மேடு வருவதற்குள் நீண்டாக வேண்டும். இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக மேடுகள் இருக்கும் தடத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் கிடைக்கும் அவகாசம் 0.18 வினாடி. கோயில் உவமையில் இது வெளியேறும் வாசல்: அது குறுகலாக இருந்தால் பிராகாரம் காலியாகும் முன்பே அடுத்த கூட்டம் வந்து சேரும். முதல் மேடு இதமாகவும் நான்காவது மேடு முரடாகவும் தெரிந்தால், ரீபவுண்ட் கிளிக்கரை இரண்டு கிளிக் திறந்து பார்க்க வேண்டும். கிளிக்கரை முழுக்க மூடும்வரை கிளிக்குகளை எண்ணி, அந்தப் பழைய எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே எதையும் மாற்றுவது முறை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

இத்தனைக்குப் பிறகும் கூர்விளிம்பு அடி நீடித்தால் மட்டுமே ஷிம் அடுக்கைத் திறக்க வேண்டும். அதற்கு முன் ஃபோர்க் எண்ணெயையாவது மாற்ற வேண்டும். கறுத்துப்போன எண்ணெயில் கலந்திருக்கும் உலோகத் துகள் ஷிம்மின் கீழே சிக்கினால் அடுக்கு சரியாக மூடாது. திருமழிசை, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளில் மைக்ரோமீட்டரால் நூறில் ஒரு மில்லிமீட்டர்வரை அளக்கும் கைகள் ஏராளம். ஆனாலும் ஷிம்மைத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கக் கூடாது. பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகாக இல்லாதது வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். பின் ஷாக்கின் தொட்டியில் சுமார் 10 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பதால், உரிய கருவி இல்லாத பட்டறையில் அதைத் திறப்பது ஆபத்து.

விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. அவை காட்டும் ஃபோர்க் குழாயின் பொன்னிறப் பூச்சு உராய்வைக் கொஞ்சம் குறைக்கும். கோணலாக மாட்டிய ஆக்ஸிலை அது நேராக்காது. பிரபல ஓட்டுநரின் செட்டிங் என்று சுற்றும் எண்களும் உதவாது. 2024 டக்கார் ராலியில் ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்ற கேரளத்தின் ஹரித் நோவா ஓட்டியது ராலி பைக். பாலைவனத்தில் நீண்ட தூரத்துக்கான எரிபொருளும் வழிகாட்டிக் கருவிகளும் சுமக்கும் வண்டியின் கிளிக்கர் எண், உள்ளூர்த் தடத்தில் பத்து நிமிடம் குதிக்கும் வண்டிக்குப் பொருந்தாது. காசு செலவழிக்கும் முன் கேள்வி ஒன்றுதான்: ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது? அந்த விடையைத் தரும் கருவி சில ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிள் டை. அதை மாட்டி அளந்த பிறகே எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டும்.