கழிக்குத் திரும்பிய வயல்கள்

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை பெறும் மழையைப் போல் இருமடங்குக்கும் அதிகம். இருந்தும் பிப்ரவரி பிறந்துவிட்டால் போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய அந்நகரில், குடிநீருக்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தீவு குறுகலானது, குன்றுகள் செங்குத்தானவை. பெய்த மழை தங்குவதற்கு இடமின்றிச் சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. வடக்கு அந்தமானில் கல்போங் என்றோர் ஆறு உண்டு. தெற்கு அந்தமானில் ஆறு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ‘நாலா’ என்று மக்கள் அழைக்கும் சிற்றோடைகளே உள்ளன. அவை சில கிலோமீட்டர் ஓடி, கடலோத நீர் ஏறியிறங்கும் உப்பங்கழிகளில் கலந்துவிடுகின்றன.

இத்தகைய ஓடைகளும் கழிகளும் சூழ்ந்த புறநகர்ப் பகுதிதான் கராச்சர்மா. தீவு வேளாண்மைக்கென 1978இல் நிறுவப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையம் இங்குதான் இயங்குகிறது. அருகிலேயே சிப்பிகாட். ஒரு காலத்தில் நெல் விளைந்த தாழ்நிலங்கள் அங்கே இன்று கடல்நீர் ஏறியிறங்கும் சதுப்பாகக் கிடக்கின்றன. மனிதன் மாற்றியமைத்த நீர்வழியை மீட்பது என்றால் என்ன என்னும் கேள்விக்கு நூல்களைவிட இந்நிலமே தெளிவாக விடை சொல்லும் என்று நாம் கருதுகிறோம்.

1858ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியிருப்பை அமைத்தனர். உணவுக்கு நெல் வேண்டும். மலேரியா குறைய வேண்டும். இவ்விரு நோக்கங்களுக்காகவும் கைதிகளின் உழைப்பால் காடுகள் வெட்டப்பட்டன. துறைமுகத்தைச் சுற்றியிருந்த கண்டல் சதுப்புகள் கரை கட்டி மீட்கப்பட்டன. தொழில்நுட்பம் எளியதே. கழியின் குறுக்கே மண்கரை. அதில் ஒரு மதகு. ஓதம் ஏறும்போது மதகை மூடிக் கடல்நீரைத் தடுப்பர். வற்றும்போது திறந்து ஓடை நீரை வெளியே விடுவர். சில ஆண்டு மழையில் மண்ணின் உப்புக் கரைந்து வெளியேறிவிடும். வளைந்து நெளிந்து ஓடிய கழி நேரான வடிகாலாகும், சதுப்பு வயலாகும். நாடு விடுதலை பெற்ற பின்னர் கிழக்கு வங்கத்து அகதிகளும், கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்களும் இத்தீவுகளில் குடியேறி உழுதபோது, இத்தகைய வயல்கள் பலவும் ஒரு காலத்தில் கழியாக இருந்தவை என்பது ஏறத்தாழ மறந்தே போயிருந்தது.

நிலம் மறக்கவில்லை. கண்டல் சேற்றை வடித்து உலர்த்தினால் அது சுருங்கி அமிழும். கந்தகம் கலந்த சேறாக இருந்தால் காற்றுப் பட்டதும் அமிலமாகவும் மாறும். ஆகவே கரைக்குள் இருக்கும் வயல் ஆண்டுக்கு ஆண்டு சற்றே தாழ்ந்துகொண்டிருக்க, வெளியே பேரோத மட்டம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு மண்கரை மட்டுமே.

2004 டிசம்பர் 26 காலை நேர்ந்த நிலநடுக்கம் அந்தக் கணக்கை ஒரே நாளில் புரட்டிப் போட்டது. ஆழிப்பேரலையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அலை வந்தது, போனது. ஆனால் தெற்கு அந்தமானின் தரையே சுமார் ஒரு மீட்டர் கீழிறங்கிவிட்டது; வடக்கு அந்தமான் மேலெழுந்தது. கடல்மட்டம் உலகளவில் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. அவ்வேகத்தில் ஒரு மீட்டர் என்பது ஏறத்தாழ 250 ஆண்டுகளின் உயர்வு. அதனைச் சிப்பிகாட் வயல்கள் ஒரு காலைப் பொழுதில் கண்டன. அதன்பின் நாளொன்றுக்கு இருமுறை ஓதநீர் கரைகளைக் கடந்து உள்ளே வரலாயிற்று. மா, தென்னை, பாக்கு மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. வீடுகள் கைவிடப்பட்டன.

கராச்சர்மா ஆராய்ச்சி நிலையத்தார் அப்போது செய்த பணி குறிப்பிடத்தக்கது. பாதிக்கப்பட்ட நிலங்களையெல்லாம் ஒன்றாகக் கருதாமல் அவர்கள் மூவகையாகப் பிரித்தனர். கடல்நீர் நிலையாகத் தேங்கிவிட்டவை. ஓதத்துடன் ஏறி, வற்றத்துடன் வடிபவை. அலை வந்த அன்று மட்டும் நனைந்தவை. மூன்றாம் வகை நிலத்துக்குப் பெரிய மருத்துவம் தேவைப்படவில்லை. 3,000 மில்லிமீட்டர் மழையே உப்பைக் கழுவிவிடக்கூடியது. வரப்பும் வடிகாலும் ஒழுங்காக இருந்தால் போதும். இரண்டாம் வகைக்குக் கரையையும் மதகையும் செப்பனிடுதல், உவர்ப்பைத் தாங்கும் நெல், அகன்ற மேட்டுப் பாத்திகள் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. வாய்க்கால் போல் ஆழமாகத் தோண்டி, அந்த மண்ணை அருகில் கொட்டி மேடாக்குவது இம்முறை. மேட்டில் காய்கறி, பள்ளத்தில் நெல்லும் மீனும். ஆறு மாதம் வெள்ளம், நான்கு மாதம் வறட்சி என்றிருக்கும் ஊருக்கு, சுனாமி வராவிட்டாலும் ஏற்ற உத்தி இது.

முதல் வகை நிலம்தான் சிக்கலானது. அங்கே உழவர் இல்லாத வேளையில் இயற்கையே ஒரு மீட்புப் பணியைத் தொடங்கியிருந்தது. பழைய கழியோரங்களில் நின்ற சுரபுன்னை மரங்கள் பல, வேர்கள் நிரந்தரமாக நீரில் மூழ்கியதால் மடிந்தன. ஆனால் அவற்றின் நாற்றுகள் ஓதநீரில் மிதந்து வந்து, நூறாண்டுகளுக்கு முன் தாம் விரட்டப்பட்ட வயல்களிலேயே வேரூன்றின. மீன் குஞ்சுகளும் இறால்களும் வந்தன. அவற்றைத் தேடிப் பறவைகள் வந்தன. உலகில் இத்தீவுக் கூட்டத்தையன்றி வேறெங்கும் பெரிதாகக் காணக்கிடைக்காத அந்தமான் கிளுவையைப் பார்க்க இன்று பறவை ஆர்வலர்கள் சிப்பிகாட்டுக்கு வருகின்றனர்.

பறவை ஆர்வலருக்கு மகிழ்ச்சி. நிலத்தை இழந்தவருக்கு அதில் என்ன மகிழ்ச்சி இருக்க முடியும்? ஓடை மீட்பு பற்றிய கட்டுரைகள் பலவும் இவ்விடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. பத்திரத்தில் நிலம் இருக்கிறது, தரையில் இல்லை. நிலத்தை ஈடாக வைத்துப் பயிர்க்கடன் வாங்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இதன் பொருள் வாசகர்களுக்கு விளங்காமலிருக்காது. கரையை ஒரு மீட்டர் உயர்த்தி நிலத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று உழவர் கேட்பது நியாயமே. ஆனால் உயர்த்திய கரையை ஆண்டுதோறும் பேண வேண்டும். உள்ளே சேரும் மழைநீரை வெளியேற்றும் நேரமோ முன்னைவிடக் குறைவு, ஏனெனில் வற்றத்தின்போதும் நீர்மட்டம் அவ்வளவாகத் தாழ்வதில்லை. விளையும் நெல்லின் மதிப்பு அச்செலவைத் தாங்குமா என்று வயலுக்கு வயல் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

பிறநாடுகள் இக்கணக்கைப் பார்த்திருக்கின்றன. இங்கிலாந்தின் மெட்மெரி கடற்கரையில், காக்க முடியாத பழைய தடுப்பை 2013இல் அரசே உடைத்துக் கடலை உள்ளே விட்டது. அதற்கு முன்பாக உட்புறத்தில் சுமார் 7 கிலோமீட்டர் நீளப் புதிய கரையைக் கட்டிக் குடியிருப்புகளைக் காத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளைந்தோடிய கிஸ்ஸிமி ஆற்றை 1962 முதல் 1971 வரை பாடுபட்டு நேரான கால்வாயாக்கினர். பின்னர் 1999 முதல் 2021 வரை பாடுபட்டு அதன் ஒரு பகுதியை மீண்டும் வளைத்தனர். நேராக்கியதைவிட வளைக்க ஆன காலம் இருமடங்குக்கும் மேல்! நம் சென்னையில் கட்டட இடிபாடுகளால் தூர்ந்து கிடந்த அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கரைத் தூர்வாரி, ஓதநீர் மீண்டும் உலவச் செய்து, 2011இல் பூங்காவாகத் திறந்தனர்.

இவற்றுக்கும் சிப்பிகாட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கெல்லாம் முடிவு முதலில், நீர் பிறகு. இங்கே நீர் முதலில் வந்துவிட்டது. எனவே எஞ்சியிருக்கும் பணி, வந்த நீர் கெடாமல் உலவ வழி செய்வதே. சாலைகளை உயர்த்தும்போது அடியில் வைக்கும் குழாய்ப் பாலம் சிறியதாயின், ஓதம் ஏறியிறங்க இயலாமல் நீர் தேங்கும், கண்டல் நாற்று அழுகும், கொசு பெருகும். உவர்நீரில் வளரும் கொசுவே இத்தீவுகளில் மலேரியாவைப் பரப்புகிறது என்று 1912ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பாலத்தின் அகலம் பொறியாளருக்கு மட்டுமுரிய செய்தியன்று.

கழிக்கு மேலிருந்து நன்னீரும் வர வேண்டும். நகரின் குடிநீருக்காக 1973இல் கட்டப்பட்ட தனிக்காரி அணை, ஓடை நீரை மேலேயே நிறுத்திக்கொள்கிறது. குடிநீர்த் தேவையைக் குறை சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அணையில்லாத சிறு நாலாக்களைச் சிமெண்ட் வடிகாலாக்காமல், ஓரத்து மரங்களை வெட்டாமல், ஆங்காங்கே சிறு தடுப்புகள் அமைத்து நீரைத் தரைக்குள் இறங்கவிட்டால், கோடையில் கிணறும் ஊறும், கழிக்கும் நன்னீர் கசியும்.

இத்தீவுகளிலோ தமிழகக் கடலோரத்திலோ தாழ்வான மனை வாங்க எண்ணும் வாசகர்கள், வில்லங்கச் சான்றுடன் வேறு சிலவற்றையும் பார்த்துக்கொள்வது நலம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பேரோத வேளையில் ஒருமுறை நேரில் சென்று நிற்கலாம். அருகிலுள்ள கிணற்று நீரைக் கோடையில் சுவைத்துப் பார்க்கலாம். வேலியோரத்தில் கண்டல் செடிகளோ சதுப்புப் பெரணியோ முளைத்திருந்தால், அவ்வூர் முதியவர்களிடம் அந்த மனைக்கு முன்பு என்ன பெயர் இருந்தது என்று விசாரிக்கலாம்.