இளவரசனின் நிழல்

தொலைந்த நிரல்கள் – 9

‘டாய் ஸ்டோரி 2’ படத்தையே விழுங்கிய அந்த ஒற்றைக் கட்டளையையும், பிக்ஸார் ஊழியர் கேலின் சுஸ்மன் வீட்டிலிருந்து காரில் வந்து சேர்ந்த கம்ப்யூட்டரையும் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம், சர்வரை நிறுத்தி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கேமையும் சேர்த்து முடக்கும் நிறுவனங்களைப் பற்றிய அத்தியாயம் வந்திருக்க வேண்டும். அதற்குப் போகும் வழியில் ஓர் அட்டைப்பெட்டி குறுக்கே வந்துவிட்டது. அதைத் திறக்காமல் மேலே போக முடியாது.

2012 மார்ச் மாதக் கடைசி. கலிபோர்னியாவில் இருந்த கேம் வடிவமைப்பாளர் ஜோர்டன் மெக்னருக்கு, நியூயார்க் மாநிலத்திலிருந்து அவருடைய அப்பா பிரான்சிஸ் மெக்னர் ஒரு பெட்டி அனுப்பினார். வீட்டு அலமாரிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த மகனின் பழைய கேம்கள் அதில் இருந்தன. அவற்றோடு சில 3.5 அங்குல ஃபிளாப்பிகள். லேபிளில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’, ‘சோர்ஸ் கோடு’, ‘ஆப்பிள்’, ‘1989’ என்று எழுதியிருந்தது. மெக்னர் பல வருடங்களாகத் தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்ட பொருள் அதுதான்.

கேம்தான் உலகம் முழுக்க இருக்கிறதே, சோர்ஸ் கோடு போனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கடையில் விற்ற டிஸ்கில் இருப்பது எந்திரம் படிக்கும் வெறும் எண்கள். ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இளவரசன் ஏன் சரியாக அந்த இடத்தில் கால் வழுக்கி நிற்கிறான், கத்திச் சண்டையில் எதிரி எப்போது பின்வாங்க முடிவெடுக்கிறான் என்பதையெல்லாம் மனிதர் படிக்கும்படி பெயரிட்டு, குறிப்பெழுதி வைத்திருப்பது சோர்ஸ் கோடில்தான். எழுதியவரின் கை தெரியும் இடம் அது. மெக்னர் அதை 6502 சிப்பின் அசெம்ப்ளி மொழியில், வரி வரியாக எழுதியிருந்தார்.

அந்தக் கேமை உருவாக்கிய கதையே ஒரு குடும்பக் கதை. 1985இல் மெக்னர் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இளைஞர். படிக்கும்போதே செய்த ‘கராத்தேகா’ என்ற கேம் 1984இல் வெளியாகி நன்றாக விற்றிருந்தது. அடுத்த கேமில் மனிதன் மனிதனைப் போலவே ஓட வேண்டும், தாவ வேண்டும், விளிம்பைப் பிடித்துத் தொங்க வேண்டும் என்று விரும்பினார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டுவிட்டு, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ எடுத்தார். டிவியில் அந்த வீடியோவை ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி, திரையை ஸ்டில் கேமராவில் படம் பிடித்தார். பிரிண்ட் போட்ட படங்களில் உருவத்தின் ஓரத்தைக் கறுப்பு மார்க்கராலும் வெள்ளை மையாலும் தெளிவாக்கி, பிறகு கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். இன்று மோஷன் கேப்சர் என்ற பெயரில் பெரிய ஸ்டுடியோக்கள் செய்வதை ஒரு தனி ஆள் மார்க்கரை வைத்துச் செய்தார். கத்திச் சண்டைக்குத் தம்பியால் உதவ முடியவில்லை. 1938இல் வந்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்தில் எரோல் ஃப்ளினும் பேசில் ராத்போனும் மோதும் காட்சி கைகொடுத்தது. அந்த நீண்ட சண்டையில் இருவரும் பக்கவாட்டில் தெரியும் சில விநாடிகள் மட்டும்தான் அவருக்குத் தேவைப்பட்டன. இசையைப் போட்டவர் அப்பா பிரான்சிஸ். பெட்டியை அனுப்பிய அதே அப்பா.

‘கராத்தேகா’ பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தக் கேமின் ஃபிளாப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கேமும் திரையில் தலைகீழாக ஓடும். டிஸ்கின் மறுபக்கத்தில் அப்படியொரு பதிப்பை வேண்டுமென்றே பதிந்து வைத்திருந்தார்கள். டிஸ்கைத் தவறாகச் செருகியதால்தான் படம் கவிழ்ந்துவிட்டது என்று யாராவது நம்ப வேண்டும் என்ற ஒரே ஆசை. பதிப்பித்த புரோடர்பண்ட் நிறுவனமும் அதற்குச் சம்மதித்தது. விளையாட்டுச் சாமான் செய்கிறவர்களுக்கு விளையாட்டுப் புத்தி இருந்த காலம் அது. இளவரசியை மீட்கப் போகும் வீரன் சண்டைக்கு நிற்கும் நிலையிலேயே அவளை நெருங்கினால், அவள் விடும் ஒரே உதையில் செத்து விழுவான் என்பதும் இதே கேமில்தான்.

இனி, இந்த வாரம் வேறெதையும் யோசிக்க விடாத விஷயத்துக்கு வரலாம்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில் முதலில் சண்டையே இல்லை. சிறைக்கூடம், பொறிகள், கூர்முனைக் கம்பிகள், ஒரு மணி நேரக் கெடு. அவ்வளவுதான். உடன் வேலை பார்த்த டோமி பியர்ஸ், சண்டை இல்லாமல் இது சப்பென்று இருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மெக்னருக்கும் அது தெரியும். ஆனால் இடமில்லை. 128 கிலோபைட் மெமரி கொண்ட ஆப்பிள் 2 கணினிக்காக எழுதப்பட்ட கேம் அது. டேவிட்டின் ஒவ்வொரு அசைவும் தனித்தனிப் படமாக உள்ளே உட்கார்ந்து, இருந்த இடத்தையெல்லாம் அடைத்துவிட்டிருந்தது. எதிரி என்று இன்னொருவனைக் கொண்டுவந்தால் அவனுக்கும் ஓட, தாவ, வாள் வீசப் படங்கள் வேண்டும். ஒருவனுக்கே இடம் போதாத வீட்டில் இரண்டாமவனை எங்கே படுக்க வைப்பது?

வேறு படம் வேண்டாமே, இளவரசனின் படங்களையே எதிரிக்கும் எடுத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு வந்தது. அப்படிச் செய்தால் யார் இளவரசன், யார் எதிரி என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அப்போதுதான் மெக்னருக்கு எக்ஸ்க்ளூசிவ் ஆர் ஞாபகம் வந்தது. 6502 சிப்பில் மூன்றெழுத்துக் கட்டளையாக இருக்கும் மிகச் சாதாரணமான ஒரு கணக்கு. இரண்டு பிட்கள் ஒன்றாக இருந்தால் விடை 0. வேறாக இருந்தால் விடை 1. இதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

இளவரசனின் உடலில் ஒரு குறுக்குக் கோட்டை எடுத்துக்கொள்வோம். வெளிச்சமான புள்ளி 1, இருட்டு 0. கோடு 0011100 என்று இருக்கிறது. நடுவில் மூன்று புள்ளி அகல உடம்பு. அதையே ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தினால் 0001110. இப்போது இரண்டையும் எக்ஸ்க்ளூசிவ் ஆர் செய்தால் கிடைப்பது 0010010. உடம்பின் நடுப்பகுதி காணாமல் போய்விட்டது. மிஞ்சியவை இரண்டு ஓரங்கள் மட்டும். தலை முதல் கால் வரை எல்லாக் கோடுகளுக்கும் இதையே செய்தால், சதையில்லாமல் விளிம்பு மட்டும் மினுங்கும் ஓர் ஆவி எழுந்து நிற்கிறது. அது ஓடும், தாவும், வாள் வீசும். புதிதாக ஒரு படம்கூடச் சேர்க்க வேண்டாம். சில கட்டளை வரிகள் போதும்.

அந்த ஆவிதான் நிழல் மனிதன். அவன் வந்த பிறகு கதையே மாறிவிட்டது. நான்காம் கட்டத்தில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். வேறு வழியின்றி ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால், மறுபக்கத்திலிருந்து நிழல் பிரிந்து ஓடும். அதோடு இளவரசனின் உயிரும் பெருமளவு வடிந்துவிடும். ஐந்தாம் கட்டத்தில், இளவரசன் குடிக்க வேண்டிய மருந்தை நிழல் மனிதன் முந்திப் போய்க் குடித்துவிடுகிறான். ஆறாம் கட்டத்தில் கதவை மூடிப் பள்ளத்தில் விழ வைக்கிறான். கோபம் ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாம் கட்டத்தில் அவன் நேருக்கு நேர் வாளோடு நிற்கிறான். விளையாடுபவர் ஆசை தீர வெட்டுகிறார். அவன் மேல் விழும் ஒவ்வொரு வெட்டுக்கும் இளவரசனின் உயிரும் ஒரு புள்ளி குறைகிறது. அவனைக் கொன்றால் இளவரசனும் சாகிறான். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் மட்டுமே இருவரும் ஒன்றாவார்கள். பிறகு வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் கால் வைத்தால் பாதை தோன்றுகிறது.

எதிரிக்குத் தனி உருவம் கொடுக்க இடமில்லாததால், எதிரியும் அவனே என்று ஆனது. கோடிக்கணக்கில் செலவழித்து, நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் வைத்துச் செய்யும் இன்றைய கேம்களில் இப்படியொரு முடிச்சைக் காண்பது அபூர்வம். இன்று கேம் ஒன்று நூறு ஜிகாபைட்டைத் தாண்டுவது செய்தியே இல்லை. அத்தனை இடம் கிடைத்ததில் படம் பளபளப்பானது. ஒரு நிழலைக் கண்டுபிடிக்க வைக்கும் நெருக்கடி போய்விட்டது. பிறகு மெக்னர் மெமரியில் கொஞ்சம் இடத்தை மீட்டுக் காவலாளிகளையும் உள்ளே கொண்டுவந்தார். ஆனால் கேமை விளையாடிய யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது கண்ணாடியைத்தான்.

நான்கு வருட உழைப்புக்குப் பிறகு 1989இல் கேம் வெளிவந்தபோது ஆப்பிள் 2 கணினியே அந்திமக் காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் விற்பனை சோபிக்கவில்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளியான பதிப்புகளும், 1992இல் வந்த மெக்கின்டோஷ் பதிப்பும் அதைத் தூக்கி நிறுத்தின. தமிழ்நாட்டுக்கு அது வந்தது டாஸ் வழியாக. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தவர்கள் பலர் ‘வேர்ட்ஸ்டார்’ கற்றுக்கொண்ட அதே எந்திரத்தில், சார் வெளியே போன நேரம் பார்த்து இளவரசனை ஓட்டியவர்கள்தான். கட்டளை வரியில் ‘பிரின்ஸ்’ என்பதோடு ‘மெகாஹிட்’ என்றும் தட்டினால் கட்டத்தைத் தாண்டிப் போகலாம் என்ற ரகசியம் வாய்வழியாகவே ஊர் ஊராகப் பரவியது. முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகளுக்குக் கீழே மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும் ஓர் அறை வரும். மேனுவலின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்கும். தவறான குப்பியைக் குடித்தால் உயிர் குறையும். காசு கொடுத்து வாங்காதவரைத் தடுக்கப் போட்ட பூட்டு அது. பிரதி எடுத்த ஃபிளாப்பியோடு மேனுவல் ஏது? அந்தப் பூட்டை யாரோ எங்கோ உடைத்த பிரதிகளும் இங்கே ஓடின. மெக்னருக்கு அந்தப் பிரதிகளால் ஒரு காசும் வரவில்லை, அது அநியாயம்தான். ஆனால் கைக்குக் கை மாறியதால்தான் அந்தக் கேம் இத்தனை எந்திரங்களில் உயிரோடு இருந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

மறுபடி பெட்டிக்கு. ஃபிளாப்பி கிடைத்துவிட்டதால் கோடு கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. காந்தப் பூச்சில் எழுதியது இருபது வருடங்களுக்கு மேல் தாங்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அழுக்கு படிந்த டிரைவில் ஒரு முறை தவறாகச் சுழற்றினாலே பூச்சு உரிந்துவிடலாம். மெக்னர் அவசரப்படவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட்டையும், பழைய ஆப்பிள் எந்திரங்களில் கரைகண்ட டோனி டயஸையும் அழைத்தார். 2012 ஏப்ரல் மாதம் இருவரும் கருவிகளோடு அவர் வீட்டுக்கு வந்து டிஸ்குகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கோடு முழுசாக இருந்தது. மெக்னர் அதை உடனே கிட்ஹப்பில் எல்லோரும் படிக்கும்படி வைத்துவிட்டார்.

வைத்ததால் என்ன நடந்தது? 1980களில் பிரிட்டனில் புழங்கிய பிபிசி மாஸ்டர் கணினியிலும் அதே 6502 குடும்பத்து சிப்தான். 2018இல் அதன் ஆர்வலர்கள் மெக்னரின் கோடை எடுத்து அந்த எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றி, கேமை அதில் ஓடவிட்டார்கள். அசெம்ப்ளி படிக்கத் தெரிந்த எவரும் இன்று நிழல் மனிதன் எப்படி நடக்கிறான் என்பதை அவனைப் படைத்தவரின் வரிகளிலேயே பார்க்கலாம். ஒரு சிற்பியின் உளியையும் சேர்த்துப் பார்க்கக் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

கேமை வெளியிட்ட புரோடர்பண்ட், 1998இல் லேர்னிங் கம்பெனியின் கைக்குப் போனது. நிறுவனங்கள் விற்கப்படும்போது உரிமைப் பத்திரங்கள் கைமாறுகின்றன. ஃபிளாப்பிகளுக்கு அந்தப் பட்டியலில் இடம் இருப்பதில்லை. பிக்ஸாருக்கு ஓர் ஊழியரின் வீடு, மெக்னருக்கு ஓர் அப்பாவின் அலமாரி. இரண்டிலுமே பொருளைக் காத்தது, அது தன் கையில் இருக்கட்டும் என்று வைத்திருந்த ஒருவர். கையில் வைத்திருப்பதற்கே வழியில்லாமல் செய்யும் இன்றைய வியாபாரம் அதனால்தான் இத்தனை ஆபத்தானது.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை 2003இல் ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்ற பெயரில் மறுபிறவி எடுக்க வைத்த நிறுவனம் யுபிசாஃப்ட். மெக்னரும் அதில் வேலை செய்தார். அதே யுபிசாஃப்ட் 2014இல் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை விற்றது. சர்வரோடு இணைப்பு இல்லாமல் அது ஓடாது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியபோது, வாங்கிய அத்தனை பேரின் கேமும் செத்தது. அலமாரியில் டிஸ்க் இருந்தும் பலனில்லை. அதிலிருந்து கிளம்பிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் அது திரட்டிய 10 லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகள், ‘வாங்கு’ என்ற பட்டனுக்கு எதிராக கலிபோர்னியா போட்ட சட்டம், நூலகங்கள் பழைய கேம்களைத் தொலைவிலிருந்து ஆய்வாளர்களுக்குக் காட்ட அனுமதி கேட்டபோது 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கைவிரித்தது – எல்லாம் அடுத்த வாரம்.