பள்ளிக்கு வரும் 'பல் தாதி' டாக்டர் இல்லையே, பல்லை அடைக்கலாமா?

பள்ளியில் பல் சிகிச்சை நடப்பதற்கு முன் பெற்றோரிடம் அனுமதிப் பாரம் வரும். "டாக்டர் இல்லை, தாதிதானே பார்க்கிறார்" என்று கையெழுத்திடத் தயங்குபவர்கள், அவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாம் 'பல் தாதி' என்று அழைப்பவரின் இன்றைய பெயர் பல் சிகிச்சையாளர். மலாயில் 'ஜூருதெராப்பி பெர்கிகியான்'. பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கவே தனிப் பயிற்சி பெற்றவர். சொத்தைப் பல்லை அடைப்பது, பால் பல்லைப் பிடுங்குவது, பல் காறையைச் சுத்தம் செய்வது, புளோரைடு பூசுவது எல்லாம் அவர் வேலை. அதற்கு மேற்பட்ட சிக்கல் என்றால் பல் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

இந்த முறை 1921-இல் நியூசிலாந்தில் தொடங்கியது. 1949-இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. தோட்டப்புறங்களுக்கும் கம்பங்களுக்கும் போதிய பல் டாக்டர்கள் இல்லாத காலம் அது. அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் டாக்டரைத் தேடிப் பட்டணம் போகாமலே பள்ளியில் சிகிச்சை பெற இத்தகைய ஏற்பாடே வழி செய்தது.

இங்கே பழகிப்போன இந்தத் தொழில் அமெரிக்காவில் இன்னும் புதிது. மினசோட்டா மாநிலம் 2009-இல்தான் இதற்குச் சட்டம் இயற்றியது. பல்லைத் துளைப்பதும் பிடுங்குவதும் டாக்டரின் வேலை என்று அங்குள்ள பல் டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. பல் சுத்தம் செய்யும் 'ஹைஜீனிஸ்ட்' பணியாளர்களின் சங்கமோ ஆதரித்தது. ஏற்கெனவே நோயாளிகளுடன் பழகிய தங்களுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தால், டாக்டர் கிடைக்காதவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். ஹைஜீனிஸ்டுகள் பலர் படித்துப் பல் சிகிச்சையாளர்களாகவும் ஆகியுள்ளனர்.

அவர்கள் இன்று வாதாடிப் பெறுவது நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கிடைக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டத்தின்படி, பல் சிகிச்சையாளர்களும் முறையாகப் பதிவு பெற வேண்டும். டாக்டரின் மேற்பார்வையில் அவர்கள் தனியார் கிளினிக்குகளிலும் வேலை செய்யலாம்.

ஆகவே, பாரம் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். பிள்ளைக்கு இருதயக் கோளாறு, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் எழுதுங்கள். கன்னம் வீங்கினாலோ, வலியால் தூக்கம் கெட்டாலோ பள்ளிக்குக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.