பெயர்ப் பதிவேடு யார் கையில்?

பாம்பன், மண்டபம் கரைகளில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர், பிடித்த மீனை அவரிடமே போட்டாக வேண்டும். விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளானால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இணையப் பெயர் வியாபாரத்திலும் கேள்வி அதுதான்.

ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துபவரோ, புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை விற்பவரோ ‘டாட் இன்’ என்று முடியும் இணையப் பெயர் ஒன்றை எடுத்தால், அது கிரயம் முடித்த சொத்து அல்ல. காலம் முடியுமுன் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய உரிமை. நம்மிடம் பணம் வாங்கும் கடை, ரெஜிஸ்ட்ரார். எல்லாப் பெயர்களும் ஏறும் தலைமைப் பதிவேடு, ரெஜிஸ்ட்ரி. டாட் இன் பதிவேட்டுக்குப் பொறுப்பு, 2003-ல் தொடங்கப்பட்ட லாப நோக்கற்ற நிறுவனமான நிக்ஸி.

கடையையும் பதிவேட்டையும் ஏன் பிரித்தார்கள்? 1990-களில் டாட் காம் பெயர்களை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனம்தான் பதிந்தது. 1995 முதல் ஆண்டுக்கு 50 டாலர் கேட்டது. 1998-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு உருவாகி, மறு ஆண்டு போட்டிக் கடைகள் வந்த பிறகே விலை இறங்கியது. ஆனால் 2010 நவம்பரில் அதே ஐகேன், புதிய பெயர் வகைகளில் கடை, பதிவேடு இரண்டையும் ஒரே நிறுவனம் வைத்துக்கொள்ளலாம் என்றது. சொந்தக் கடைக்குச் சலுகை காட்டக் கூடாது என்பது நிபந்தனை.

நம் ‘டாட் இன்’ பதிவேடும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. பதிவேட்டை இயக்கும் தொழில்நுட்ப வேலை அபிலியாஸ் நிறுவனத்திடமிருந்து நியூஸ்டார் நிறுவனத்துக்குப் போனது. 2020-ல் நியூஸ்டாரின் பதிவேட்டுத் தொழிலை கோடாடி வாங்கியது. பெயர் விற்பதில் உலகின் மிகப் பெரிய கடை அதுதான். 2025-ல் வேலை டூகௌஸ் கைக்கு மாறியது. அதற்கும் பெயர் விற்கும் தொழில் உண்டு.

இவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பெயர் எப்போது காலாவதியாகும், எந்தக் கடையில் எத்தனை பதிவு என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. அது கடைப் பக்கம் கசிந்தால் மற்றக் கடைகள் போட்டியிட முடியாது. கசியாமல் இருக்க என்ன தடுப்பு, அதை யார் சோதிக்கிறார்கள் என்று நிக்ஸி எளிய மொழியில், தமிழிலும் வெளியிட வேண்டும். ‘.இந்தியா’ என்ற தமிழ் முகவரியும் அதன் பொறுப்பில்தானே இருக்கிறது!

அதுவரை ஒன்றை நீங்களே செய்யலாம். உங்கள் தளத்தின் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா, அல்லது தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.