தார் ரோட்டை மறைக்கும் வானம்

மே மாத மதியத்தில் முலுண்ட் டோல் நாக்கா பக்கம் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் போயிருக்கிறீர்களா? கொஞ்ச தூரத்தில் ரோடு நனைந்தாற்போல மினுங்கும். வண்டி கிட்டே போகப் போக அந்த ஈரம் தள்ளித் தள்ளிப் போகும். கானல் நீர்தானே என்று கடந்துவிடுகிறோம். உண்மையில் அங்கே ரோட்டின் ஒரு துண்டு நம் கண்ணிலிருந்து மறைந்திருக்கிறது. அந்த இடத்தில் தெரிவது வானம். கொதிக்கும் தாரை ஒட்டிய காற்று லேசானது, மேலே உள்ளது அடர்த்தியானது. சாய்வாக இறங்கும் வான ஒளி அந்தச் சூட்டில் மெல்ல வளைந்து, தாரைத் தொடாமலே மேலேறி நம் கண்ணுக்கு வருகிறது. ஒளியை வளைத்தால் பொருளை மறைக்கலாம் என்பதற்கு இது போதாதா!

ஆனால் ஓர் ஆளை முழுதாக மறைக்க வேண்டுமென்றால் ஒளி அவரைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் பழைய பாதையிலேயே சேர வேண்டும். தாதர் ஸ்டேஷன் பாலத்தில் காலைக் கூட்டம் தூணுக்கு இருபுறமும் பிரிந்து மறுபடி ஒன்றாகிறதே, அப்படி. 2006-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரி இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழு செய்தே காட்டியது. ஒரு செம்பு உருளையைச் சுற்றி, நுண்ணிய செம்புக் கோலங்கள் பதித்த வளையங்களை அடுக்கி, நுண்ணலைகளை வளைத்து அனுப்பினார்கள். லேசாக நிழல் விழுந்தது, ஆனாலும் உருளை பெருமளவு மறைந்தது.

இங்கே அலையை ஆள்வது செம்பைவிட அந்தக் கோலத்தின் வடிவம். இந்த எண்ணத்தின் வேர் நம் நாட்டிலும் இருக்கிறது. 1898-லேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணல் கட்டுகளைக் கொண்டு மின்காந்த அலையின் அதிர்வுத் தளத்தையே திருப்பிக் காட்டினார். நினைக்க நினைக்க எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அப்படியானால் மாயப் போர்வை ஏன் இன்னும் வரவில்லை? டியூக் குழு வளைத்த நுண்ணலையின் நீளம் 3 சென்டிமீட்டருக்கு மேல். மில்லிமீட்டர் அளவுக் கோலங்களே போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியலையோ 400 முதல் 700 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் நூறு அலைகள் அடங்கும். கோலம் அதைவிடச் சிறியதாக வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். தூணைச் சுற்றி வந்தவர் நேராக நடந்தவரைவிடப் பிந்தினால், நடுவே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுற்றி வரும் அலை பிந்தாமலிருக்க, அதன் முகடுகள் வெற்றிடத்தில் போவதைவிட வேகமாக ஓட வேண்டும். ஏதேனும் ஒரு நிறத்துக்கு, கிட்டத்தட்ட, இதைச் சாதிக்கலாம். வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் உண்டு. சிவப்புக்கு மறைபவர் நீலத்தில் அகப்படுவார். தவிர, உள்ளே ஒளியே புகாத போர்வைக்குள் இருப்பவருக்குச் சுற்றிலும் கும்மிருட்டுதான்.

2024 நவம்பரில் கான்பூர் ஐஐடி 'அனாலக்ஷ்யா' என்ற மறைப்புத் துணியை வெளியிட்டது. அது அலையை வளைப்பதில்லை, ரேடார் அலைகளை உறிஞ்சுகிறது. ரேடாருக்கு மறையலாம், நம் கண்ணுக்கு அந்தத் துணி பளிச்சென்று தெரியும்.